ஃபைட்டிங் கேமுக்கு எந்தக் கன்ட்ரோலர்? லோ யாட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வந்தது 2023 ஜூனில். டெக்கன் 8 வந்தது 2024 ஜனவரியில். அதிலிருந்து கோலாலம்பூர் பையன்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, ஸ்டிக் வாங்கவா, இல்ல அந்த வெறும் பட்டன் பெட்டியை வாங்கவா?" கடைக்காரரிடம் போனால் முதலில் பட்ஜெட்டைக் கேட்பார். யூடியூப்பில் தேடினால் சாம்பியன் கையில் இருப்பதைக் காட்டுவார்கள். இந்த இரண்டும் கடைசியில் பார்க்க வேண்டியவை. எந்த மெஷினில் ஆடுகிறீர்கள், எந்த ஆட்டம், உங்கள் கை எப்படி, வீடு எப்படி, அப்புறம்தான் காசு. இந்த வரிசை மாறினால் வாங்கிய பொருள் மூன்றாம் மாதமே கரோசெல்லில் விற்பனைக்கு வந்துவிடும்.

முதல் படி: எந்த மெஷின்?

சலிப்பான கேள்விதான். ஆனால் அதிகப் பணம் வீணாவது இங்கேதான். கன்ட்ரோலரின் முனை யுஎஸ்பி என்பதாலேயே எல்லா மெஷினிலும் வேலை செய்துவிடாது.

கம்ப்யூட்டரில் ஆடுபவர்களுக்குக் கவலை குறைவு. விண்டோஸ் கன்ட்ரோலரைப் படிக்கும் எக்ஸ்இன்புட் முறையில் இயங்கும் எந்தக் கருவியும் ஓடும். பிஎஸ்5 கன்ட்ரோலர், எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர், சீனாவிலிருந்து வரும் மலிவான லீவர்லெஸ் (லீவர் இல்லாத, வெறும் பட்டன் பெட்டி) எல்லாம் சரி.

பிஎஸ்5 அப்படி இல்லை. கருவி தன்னை யாரென்று நிரூபிக்க வேண்டும். சோனி உரிமம் பெற்ற கருவிகளுக்குள் அதற்கான சிப் இருக்கும். உரிமம் இல்லாதவற்றுக்கு புரூக் விங்மேன் போன்ற கன்வெர்ட்டர் தேவைப்படும், அதுவும் ஒரு கூடுதல் செலவு. பிஎஸ்4 காலத்து ஸ்டிக் வீட்டில் இருந்தால் சில பிஎஸ்5 ஆட்டங்கள் ஏற்கும், சில ஏற்காது. ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுவதால், நீங்கள் ஆடும் ஆட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்துவிடுங்கள். பிஎஸ்4-இல் இன்னொரு வேடிக்கை உண்டு. அடையாளச் சரிபார்ப்பு இல்லாத கருவி முதலில் நன்றாகவே ஓடும், சரியாக 8 நிமிடத்தில் துண்டித்துக்கொள்ளும். கடையில் இரண்டு நிமிடம் ஆடிப் பார்த்துத் திருப்தியாக வீட்டுக்கு வந்தவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

எக்ஸ்பாக்ஸ் 2023 நவம்பர் முதல் உரிமம் இல்லாத கருவிகளைத் தடுக்கிறது. நின்டெண்டோ ஸ்விட்ச் இந்த விஷயத்தில் தாராளம்.

ஆகவே ஷாப்பியில் பொருளைப் பார்த்ததும் விலைக்கு முன் விவரப் பகுதியைப் படியுங்கள். "பிஎஸ்4/பிசி" என்று எழுதியிருந்தால் அதில் பிஎஸ்5 இல்லை என்றே பொருள். சந்தேகமா, விற்பவருக்கு ஒரு வரி செய்தி அனுப்புங்கள்: "இந்த ஆட்டத்தின் பிஎஸ்5 பதிப்பில் கன்வெர்ட்டர் இல்லாமல் ஓடுமா?" பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கடை.

இரண்டாவது படி: டிவியைச் சரிபாருங்கள்

ஃபைட்டிங் கேம் விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிறது. ஒரு ஃபிரேம் 16.67 மில்லி விநாடி. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இன் டிரைவ் இம்பாக்ட் என்ற பலத்த அடி 26 ஃபிரேமில் வந்து விழும், அதாவது அரை விநாடிக்கும் குறைவு. கண் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் அழுத்தி முடிக்க இருக்கும் நேரம் அவ்வளவுதான். திரைத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட் போடாத டிவி அதில் ஒரு நல்ல பங்கைத் தின்றுவிடும். பிறகு ஆயிரம் வெள்ளி ஸ்டிக் வாங்கினாலும் பலன் இல்லை.

எனவே டிவி செட்டிங்கில் கேம் மோட் போடுங்கள். கன்ட்ரோலரைக் கேபிளில் மாட்டுங்கள். பிஎஸ்5-இல் கேபிளை மாட்டினால் மட்டும் போதாது. செட்டிங்கில் ஆக்சசரிஸ், கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் தொடர்பு முறையை யுஎஸ்பி கேபிளுக்கு மாற்ற வேண்டும். பவர்பேங்க்குடன் வந்த கேபிள் பல நேரம் சார்ஜ் மட்டுமே ஏற்றும், டேட்டா போகாது. அதையும் மாற்றுங்கள். இதையெல்லாம் செய்தபின் "பழைய கன்ட்ரோலரே நல்லாத்தான் இருக்கு" என்று தோன்றினால் மகிழ்ச்சி, கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்.

மூன்றாவது படி: உங்கள் ஆட்டம் விரலிடம் என்ன கேட்கிறது?

திசைகளை எண்ணில் எழுதும் வழக்கம் தெரிந்திருந்தால் இனி வருவது சுலபம். கம்ப்யூட்டர் கீபோர்டின் எண் பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள். 5 நடு, 6 முன்னால், 4 பின்னால், 2 கீழே, 8 மேலே. வலது பக்கம் பார்த்து நிற்கும்போது, பந்து வீசும் ஹடோகென் 236. மேலே பாய்ந்து குத்தும் ஷோர்யூகென் 623.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இன் கிளாசிக் முறையில் ஆறு பட்டன்: மூன்று குத்து, மூன்று உதை. சாதாரண கன்ட்ரோலரின் முகப்பில் நான்குதான் இருப்பதால் பலமான குத்தும் உதையும் தோள்பட்டன்களுக்குப் போகும். மாடர்ன் முறையில் ஆடினால் இந்தத் தொல்லை இல்லை. ஒரே பட்டனில் ஸ்பெஷல் வரும், அதன் அடி 20 சதவீதம் குறையும். மாடர்ன் ஆடுபவர் தனியாகக் கருவி வாங்கத் தேவையே இல்லை என்பது என் கட்சி. சாதாரண பேட், அதாவது மெஷினோடு வரும் வழக்கமான கன்ட்ரோலர், போதும்.

டெக்கனில் நான்கு பட்டன், கைகால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அது பேட்டின் முகப்பில் அப்படியே பொருந்தும். டெக்கன் கஷ்டப்படுத்துவது திசையில். மிஷிமா குடும்பத்துப் பாத்திரங்கள் ஆடுபவர்கள் 6, நடு, 2, 3 என்று போக வேண்டும். அந்த நடுநிலை விட்டுப்போனால் அசைவே வராது. எலெக்ட்ரிக் என்ற அவர்களுடைய குத்தை அடிக்க 3-உம் பட்டனும் ஒரே ஃபிரேமில் விழ வேண்டும். பின்னால் குதித்துக் குதித்து விலகும் கொரியன் பேக்டாஷ் வேறு இருக்கிறது. அதைத் தினமும் செய்யும் கட்டைவிரல் என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பாத்திரமும் முக்கியம். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஸாங்கீஃப் ஆடுபவர் திசையை முழுச் சுற்று சுற்ற வேண்டும், அவருக்குச் சுழற்றும் கருவி வசதி. கைல் ஆடுபவர் பின்னால் பிடித்து வைத்து, முன்னால் தட்ட வேண்டும். அவருக்குச் சுழற்றல் தேவையில்லை, தட்டும் நேரம்தான் சரியாக இருக்க வேண்டும்.

நான்காவது படி: கருவிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

*பேட்*

பேட் என்றால் தொடக்கக்காரர் பொருள் என்று ஒரு நினைப்பு சுற்றுகிறது. 2014-இல் ஈவோ என்ற பெரிய ஃபைட்டிங் கேம் போட்டியில் பிரான்சின் லஃபி அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை வென்றது பிஎஸ்1 பேட்டில். அந்த நினைப்பை அதோடு விட்டுவிடலாம்.

பேட்டில் பார்க்க வேண்டியது டி-பேட், அதாவது இடது பக்கம் இருக்கும் திசைப் பட்டன். அனலாக் குச்சியில் 2டி ஃபைட்டிங் ஆடுவது கஷ்டம். அது போய்த் திரும்பும் தூரம் அதிகம், 3 எங்கே முடிந்து 6 எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியாது. பிஎஸ்5 கன்ட்ரோலரின் டி-பேட் நான்கு துண்டாகத் தெரிந்தாலும் நன்றாகவே உருளும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்ட்ரோலரின் டி-பேட் தட்டு வடிவம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் 'டிக்' என்று சத்தம் போடும். சிலருக்கு அந்தச் சத்தம்தான் பிடிக்கும். எனக்கு இரண்டு மேட்சுக்கு மேல் தாங்காது.

எல்2, ஆர்2 இரண்டும் நீண்ட தூரம் இறங்கும் டிரிகர்கள். அவற்றில் அவசரப் பட்டனை வைக்காதீர்கள். பலமான உதையைப் போன்ற, கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லாத ஒன்றை வையுங்கள். எதிராளியின் அடியைத் தடுக்கும் பட்டனை எல்1, ஆர்1 பக்கம் கொண்டுவாருங்கள்.

ஆறு பட்டன் முகப்பில் வேண்டுமென்றால் அதற்கென்றே பேட்கள் உண்டு. ஹோரி ஃபைட்டிங் கமாண்டர் ஆக்டா கேபிளோடு வரும், அதில் பிஎஸ்5-க்குத் தனி, எக்ஸ்பாக்ஸுக்குத் தனி பதிப்பு இருக்கிறது. பழைய சேகா பேட்டை நினைவூட்டும் 8பிட்டோ எம்30 கம்ப்யூட்டரிலும் ஸ்விட்சிலும் ஆடுபவர்களுக்கு நல்ல துணை. கை சிறியவர்களுக்கு எம்30 கச்சிதமாக இருக்கும், பெரிய கைக்காரர்களுக்கு ஒரு மணி நேரத்தில் விரல் மடங்கிப்போகும்.

*ஆர்கேட் ஸ்டிக்*

சுங்கை வாங், தைம்ஸ் ஸ்குவேர் பக்கம் காசு போட்டு ஆடி வளர்ந்தவர்களுக்கு இதைப் பற்றி விளக்க வேண்டாம், லீவரைத் தொட்டதுமே கை தானாக ஓடும். வயதாகிவிட்டதே என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி: 2023-இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது 44 வயது.

ஸ்டிக்கில் இரண்டு குடும்பம். ஜப்பானிய லீவர், உதாரணத்துக்கு சான்வா ஜேஎல்எஃப், ஸ்பிரிங் வைத்தது. உருண்டைத் தலை, லேசான அசைவு, கீழே லீவர் நகரும் எல்லையை வகுக்கும் சதுரமான தகடு, அதுதான் கேட். சதுரத்தின் மூலைகள்தான் 1, 3, 7, 9. மூலையில் லீவர் இடிப்பது கைக்குத் தெரியும். வேண்டுமென்றால் எண்கோண கேட் வாங்கி மாற்றலாம். ஆனால் சதுரத்தில் சில வாரமாவது பழகிவிட்டு முடிவெடுங்கள். முதல் நாளே மாற்றுபவர்கள் பெரும்பாலும் திரும்பச் சதுரத்துக்கே வருகிறார்கள்.

கொரிய லீவரில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வளையம் இருக்கும். விட்டவுடன் சட்டென்று நடுவுக்குத் திரும்பும். மிஷிமா அசைவில் அந்த நடுநிலை தேவை என்று சொன்னேனே, டெக்கன்காரர்கள் இதை விரும்புவது அதனால்தான். ரப்பரின் இறுக்கம் பல அளவில் கிடைக்கும். கடினமானதை முதலில் வாங்கினால் மணிக்கட்டு வலிக்கும்.

பட்டன்கள் பொதுவாக 30 மில்லிமீட்டர். பட்டனும் லீவரும் கழற்றி மாற்றக்கூடியதா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். மாற்றலாம் என்றால் மேஃபிளாஷ் எஃப்300 போன்ற மலிவான பெட்டியை வாங்கி, பிறகு சம்பளத்துக்குச் சம்பளம் பாகங்களை உயர்த்திக்கொள்ளலாம். மாற்ற முடியாத பெட்டி பழுதானால் குப்பைதான்.

பெட்டியின் எடையைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். அது குறையல்ல. லேசான பெட்டி, ஆட்டம் சூடுபிடிக்கும்போது மடியில் நகரும்.

*லீவர்லெஸ்*

இப்போது எல்லாரும் கேட்பது இதைத்தான். லீவர் கிடையாது, நான்கு திசையும் பட்டன். இடது கையின் மோதிர விரலில் இடது, நடுவிரலில் கீழ், ஆள்காட்டி விரலில் வலது. மேல், அதாவது குதிப்பது, கட்டைவிரலுக்கு. முதலில் விசித்திரமாக இருக்கும். ஆனால் விரல் போக வேண்டிய தூரம் மிகக் குறைவு, அதுதான் இதன் பலம்.

வலது பக்கம் பார்த்து நிற்கும்போது ஹடோகென் எப்படி வருகிறது என்று பாருங்கள். நடுவிரலால் கீழ். அதை விடாமல் ஆள்காட்டி விரலால் வலது. இரண்டும் சேர்ந்தால் 3. பிறகு நடுவிரலை எடுங்கள், 6 மட்டும் மிஞ்சும். அப்போது குத்து. சுழற்றல் எதுவும் இல்லை, ஒரு விரல் வைத்து ஒரு விரல் எடுப்பதுதான். தொடக்கத்தில் எல்லாரும் நடுவிரலை எடுக்க மறப்பார்கள். திரையில் 2, 3 என்று வந்து அப்படியே நின்றுவிடும், 6 வராது. பந்து பறக்கவில்லையே என்று கருவியைச் சந்தேகிக்காதீர்கள், விரலைப் பாருங்கள்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. லீவரை ஒரே நேரத்தில் இடதும் வலதும் தள்ள முடியாது, பட்டனை அழுத்த முடியும். அப்படி அழுத்தினால் கருவி என்ன சொல்ல வேண்டும்? அந்த ஏற்பாட்டுக்கு எஸ்ஓசிடி என்று பெயர். எதிரெதிர் திசையில் ஒன்று மற்றதை வென்றுவிடும்படி வைத்தால், லீவர்காரனுக்குக் கிடைக்காத சலுகை பட்டன்காரனுக்குக் கிடைக்கும். 2019-இல் ஜப்பானிய நட்சத்திர ஆட்டக்காரர் டைகோ உமெஹாரா பயன்படுத்த நினைத்த காஃப்ரோ பாக்ஸ் என்ற லீவர்லெஸை, ஸ்ட்ரீட் ஃபைட்டரைத் தயாரிக்கும் கேப்காம் தன் போட்டிகளில் அனுமதிக்கவில்லை. அன்று முதல் இந்தச் சண்டை ஓயவில்லை. போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் எதிர்த் திசைகள் இரண்டும் சேர்ந்தால் நடுநிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவே பாதுகாப்பான அமைப்பு. கைல் ஆடுபவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: இடதை விடாமல் வலதை அழுத்தினால் ஆட்டம் அதை நடுநிலையாகவே பார்க்கும். இடதை எடுத்த கணத்தில்தான் 6 பதிவாகும். விரல் எடுப்பதையும் பயிற்சி செய்ய வேண்டும்.

ஹிட் பாக்ஸ் இந்த வகையைப் பரப்பிய பெயர். பிஎஸ்5 உரிமத்தோடு ரேசர் கிட்சுனே இருக்கிறது, மெல்லியது, விலை கூடுதல். கம்ப்யூட்டர்காரர்களுக்கு ஹாட்42 வகைப் பெட்டிகள் போதும். இவற்றில் பல ஜிபி2040-சிஇ என்ற திறந்தமூல மென்பொருளில் ஓடுகின்றன. பிரவுசரைத் திறந்து பட்டன் அமைப்பையும் எஸ்ஓசிடியையும் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். ராஸ்பெர்ரி பை பைக்கோ போர்டும் சால்டரிங் கைப்பழக்கமும் இருந்தால் வீட்டிலேயே ஒன்று செய்துவிடலாம்.

ஸாங்கீஃப்காரர்கள் இதை வாங்கும் முன் ஒருமுறை யோசியுங்கள். முழுச் சுற்று பட்டனிலும் வரும், ஆனால் கட்டைவிரல் நேரம் தவறினால் பாத்திரம் குதித்துவிடும்.

*கீபோர்ட்*

இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் லீவர்லெஸ் என்பது அடிப்படையில் விரல்களுக்கு ஏற்றபடி அடுக்கிய கீபோர்ட்தான். ஒரே குறை, மலிவான கீபோர்ட் சில பட்டன்கள் சேர்ந்து அழுத்தப்படும்போது ஒன்றை விழுங்கிவிடும். நோட்பேடைத் திறந்து ஏ, எஸ் இரண்டையும் பிடித்தபடி யு, ஐ, ஓ என்று தட்டிப் பாருங்கள். எழுத்து எதுவும் விட்டுப்போகவில்லை என்றால் ஆடலாம்.

ஐந்தாவது படி: வாங்கும் முன் வீட்டில் சோதனை

கம்ப்யூட்டரில் ஆடுபவராக இருந்தால், லீவர்லெஸ் உங்களுக்கு ஒத்துவருமா என்று ஒரு காசு செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாம். கீபோர்டில் இடதுக்கு ஏ, கீழுக்கு எஸ், வலதுக்கு டி, குதிக்க ஸ்பேஸ் பார். இரண்டு வாரம் அதில் பயிற்சி அறையில் மட்டும் ஆடுங்கள், ரேங்க் பக்கம் போகாதீர்கள். இரண்டு வாரம் கழித்தும் எரிச்சலாகவே இருந்தால் பெட்டி வாங்கினாலும் அதே எரிச்சல்தான். பிடித்துப்போனால் தைரியமாக வாங்குங்கள்.

இப்போது இருக்கும் பேட்டில் என்ன குறை என்பதையும் கண்டுபிடியுங்கள். பயிற்சி முறையில் கீ ஹிஸ்டரியைத் திரையில் போட்டுவிட்டு ஷோர்யூகெனை வலது பக்கம் பார்த்து 20 தடவை, இடது பக்கம் பார்த்து 20 தடவை செய்யுங்கள். தவறியதை எண்ணுவதோடு நிறுத்தாமல், எப்படித் தவறியது என்று திரையைப் படியுங்கள். 9 என்று விழுந்து குதித்தால் கட்டைவிரல் டி-பேடில் மேலே ஏறுகிறது. அது டி-பேட் வடிவத்தின் குற்றமாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் தவறினால் அது பழக்கம், எந்தக் கருவி வாங்கினாலும் கூடவே வரும்.

இன்னொன்று, முன்னால் நடந்துகொண்டே ஹடோகென் போட்டுப் பாருங்கள். பந்துக்குப் பதில் ஷோர்யூகென் வருகிறதா? ஏற்கெனவே 6 பிடித்திருக்கிறீர்கள், அதோடு 2, 3 சேர்ந்ததும் ஆட்டம் 623 என்று படித்துவிட்டது. எல்லாக் கருவியிலும் இது நடக்கும். நடையை ஒரு கணம் நிறுத்தி, நடுவுக்கு வந்து 236 போட்டால் சரியாகிவிடும். புது ஸ்டிக் இந்தப் பிரச்சினையைத் தீர்க்காது. தீர்க்கும் என்று நம்பி வாங்கியவர்கள் நிறைய பேர்.

கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம் வலி இருந்தால் அது வேறு விஷயம். அங்கே கருவி மாற்றுவது நியாயம். சுமையை ஒரே விரலிலிருந்து எடுத்துப் பல விரலுக்குப் பிரிக்கும் என்பதால் லீவர்லெஸ் உதவக்கூடும். ஆனால் வலி தொடர்ந்தால் முதலில் கிளினிக், பிறகு கடை.

ஆறாவது படி: வீடு

நம்மில் பாதிப் பேர் இருப்பது பிளாட்டில். சான்வா பட்டன்களை இரவு பதினோரு மணிக்குச் சூடாகத் தட்டினால் சத்தம் சுவரைத் தாண்டும். "ஐயா, ராத்திரியில அது என்ன தட்டுற சத்தம்?" என்று லிஃப்டில் பக்கத்து வீட்டு அக்கா கேட்கும் வரை நமக்குத் தெரியாது. சான்வாவிலேயே சத்தம் அடக்கிய பட்டன் உண்டு, கொஞ்சம் கூடுதல் விலை. 'க்ளிக்' சத்தம் இல்லாத லீனியர் சுவிட்ச் போட்ட மெல்லிய லீவர்லெஸ் இதைவிட அமைதி. அடியில் ஒரு ரப்பர் பாய் விரித்தால் இன்னும் குறையும். குழந்தை தூங்கும் அறையிலேயே ஆடுபவருக்கு பேட்தான் ஒரே வழி. அதிலும் எக்ஸ்பாக்ஸ் டி-பேட் வேண்டாம்.

எல்ஆர்டியில் எடுத்துக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போகிறவர் பெரிய ஸ்டிக் வாங்கினால் இரண்டு தடவைக்கு மேல் தூக்க மாட்டார். மோட்டாரில் போகிறவர் அந்த இரண்டு தடவைகூடத் தூக்க மாட்டார். முதுகுப்பையில் லேப்டாப் இடத்தில் நுழையும் லீவர்லெஸ் இவர்களுக்குச் சரி.

நம் ஊர் ஈரக் காற்றையும் கணக்கில் எடுங்கள். ஆடி முடித்ததும் வியர்வையைத் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு பையில் வையுங்கள்.

ஏழாவது படி: காசும் கடையும்

கடைசியாகக் காசு. 200 வெள்ளிக்குள் என்றால் மலிவான லீவர்லெஸ், எம்30 மாதிரி பேட், பழைய பொருட்கள். அதற்கு மேல் 400 வரை பிஎஸ்5-இன் சொந்தக் கன்ட்ரோலர், தொடக்க நிலை ஸ்டிக். அதையும் தாண்டினால் உரிமம் பெற்ற ஸ்டிக்குகள், கிட்சுனே, விக்ட்ரிக்ஸ். விலை அடிக்கடி மாறும், வாங்கும் நாளில் இரண்டு மூன்று இடம் ஒப்பிடுங்கள். வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 சதவீத வரி உண்டு. அதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கோலாலம்பூரில் முதல் நடை லோ யாட் பிளாசா. புக்கிட் பிந்தாங்கில் மோனோரயிலோ எம்ஆர்டியோ இறங்கினால் நடந்துவிடலாம். பினாங்கில் கொம்தார், பிராங்கின் மால் பக்கம் ஒரு சுற்று. பேட் எல்லாக் கடையிலும் கிடைக்கும். நல்ல ஸ்டிக்கையும் லீவர்லெஸையும் ஆன்லைனில்தான் தேட வேண்டிவரும். ஆனாலும் நேரில் போவதில் லாபம் இருக்கிறது. டி-பேட் எப்படி உருள்கிறது என்பதை எந்த வீடியோவும் சொல்லாது, கட்டைவிரலை வைத்துப் பார்த்தால் பத்து விநாடியில் தெரியும்.

பழைய பொருள் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஸ்டிக் விஷயத்தில் அதுவே புத்திசாலித்தனம்கூட. ஆசையில் வாங்கி அலமாரியில் வைத்தவர்கள் நிறைய என்பதால் நல்ல நிலையில் கிடைக்கும். மூடியிருக்கும் பெட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள். மாமாக் கடையில் சந்திக்கிறீர்களா, லேப்டாப்பைக் கொண்டுபோங்கள். தே தாரிக் வருவதற்குள் சோதித்துவிடலாம்.

லீவரை மெதுவாக நான்கு பக்கமும் தள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு 'க்ளிக்' கேட்க வேண்டும், நான்கும் ஒரே மாதிரி. ஒன்று மந்தமாக இருந்தால் அந்த மைக்ரோசுவிட்ச் போய்க்கொண்டிருக்கிறது. பிறகு லீவரை இழுத்து விடுங்கள். நடுவில் நிற்காமல் எதிர்ப்பக்க க்ளிக்கும் கேட்டால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. பட்டன்களை ஒவ்வொன்றாகத் தட்டி, ஒரு தட்டுக்கு இரண்டு பதிவு விழுகிறதா என்று கேம்பேட் சோதனைப் பக்கத்தில் பாருங்கள். கடைசியாக யுஎஸ்பி வாயில் கேபிளை லேசாக ஆட்டுங்கள். துண்டித்தால் விலையில் பாதியைக் குறையுங்கள், அல்லது எழுந்துவிடுங்கள்.

பழைய பிஎஸ்5 கன்ட்ரோலரில் இன்னொரு பொறி. "நான் டி-பேட்தான் ஆடுவேன், அனலாக் டிரிஃப்ட் இருந்தா என்ன?" என்று நினைக்கலாம். பல ஆட்டங்கள் இரண்டையும் சேர்த்தே படிக்கும். அனலாக் தானாகச் சாய்ந்தால் நீங்கள் உட்கார்ந்து தடுக்கும் இடத்தில் பாத்திரம் எழுந்து நிற்கும். டிரிஃப்ட் உள்ளதைத் தொடாதீர்கள்.

எட்டாவது படி: வாங்கிய பிறகு

முதல் வேலை பட்டன் அமைப்பு. கம்ப்யூட்டரில் ஸ்டீம் வழியாக ஆடினால், அதன் கன்ட்ரோலர் அமைப்பான ஸ்டீம் இன்புட்டும் ஆட்டத்தின் சொந்த அமைப்பும் ஒன்றோடொன்று மோதி, ஒரு தட்டு இரண்டாகப் பதிவாவது உண்டு. அப்படி நடந்தால் அந்த ஆட்டத்துக்கு மட்டும் ஸ்டீம் இன்புட்டை அணைத்துப் பாருங்கள்.

முதல் மாதம் தோற்பீர்கள். பேடிலிருந்து லீவர்லெஸுக்குப் போனவரின் ரேங்க் சரிவது இயல்பு. அதனால் ரேங்க்குக்கு வேறொரு பாத்திரத்தை எடுங்கள், அல்லது கேஷுவல் மட்டும் ஆடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு அசைவு. முதல் வாரம் நடப்பது, குனிவது, குதிப்பது, தடுப்பது மட்டும். கோம்போவை, அதாவது தொடர் அடிகளை, அப்புறம் பார்க்கலாம். தடுக்கத் தெரியாமல் கோம்போ கற்றவர்கள் புதுக் கருவியில் மிகவும் கஷ்டப்படுகிறார்கள், ஏனென்றால் மேட்சின் பெரும்பகுதி நடப்பதும் தடுப்பதும்தான்.

ஒரே மாதத்தில் இரண்டு கருவியை மாற்றி மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். மோட்டார் ஓட்டுபவன் கிளட்ச் எங்கே என்று யோசிக்காத மாதிரி கை ஓட வேண்டும். அதற்குள் வேறொன்றைப் பிடித்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவீர்கள்.

போட்டிக்குப் போகிறீர்களா?

கேபிள் கட்டாயம் என்று நினைத்துக்கொண்டே போங்கள். புளூடூத் இணைப்பு சீராக இருப்பதில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய தொல்லை வேறு. ஏற்கெனவே அந்த மெஷினில் இணைத்த பேட் உங்கள் பைக்குள் இருக்க, பட்டன் ஒன்று தவறி அழுந்தினால் அடுத்தவர் மேட்ச் நடுவில் நின்றுவிடும். ஆட்டத்தை நிறுத்தியவருக்குப் பல போட்டிகளில் ரவுண்ட் போய்விடும். உங்கள் மேட்ச் முடிந்ததும் எழுவதற்கு முன் மெஷினின் புளூடூத் பட்டியலிலிருந்து பேட்டை நீக்குங்கள்.

பையில் உதிரி கேபிள் ஒன்று, கன்வெர்ட்டர் இருந்தால் அது, லீவர்லெஸ் என்றால் எஸ்ஓசிடி அமைப்பைக் காட்டத் தெரிந்திருப்பது. நடுவர் கேட்டால் அந்த இடத்திலேயே மாற்றிக் காட்ட வேண்டிவரும். மாற்றும் பட்டன் சேர்க்கை எது என்பதை வீட்டிலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிவிடுங்கள். மெஷின் எது என்று ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வீட்டில் கம்ப்யூட்டரில் பழகிய பெட்டி அங்கே பிஎஸ்5-இல் திறக்கவில்லை என்றால், முன்பணம் கட்டிய மேட்சை இரவல் பேட்டில்தான் ஆட வேண்டியிருக்கும்.